பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குச் செவிலியர் படிப்பா, இசைக் கல்லூரியா?

தங்கச்சிமடம் தாய்மாமன்:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மகள் இந்த ஆண்டு உயிரியல் பிரிவில் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள். அவளுடைய அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். என் தங்கை பாசி எடுக்கப் போகிறாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது கரையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். தேர்வு முடிவும் கல்லூரி விண்ணப்பமும் வந்து சேர்கிற அந்த நாட்களில்தான் எங்கள் வீடுகளில் கையில் காசு புரளாது. ஆகவே இரண்டு கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு ஒன்றை விடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிள்ளை ஒன்பது வயதிலிருந்து தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறாள். ஐந்து ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் பேருந்து ஏறி ராமநாதபுரம் போய், ஓய்வு பெற்ற இசை ஆசிரியை ஒருவரிடம் முறையாகக் கற்கிறாள். வர்ணம் என்ற பயிற்சி உருப்படிகளை முடித்துக் கீர்த்தனைக்கு வந்திருக்கிறாள். அந்த அம்மா, 'இவளை இசைக் கல்லூரிக்கு அனுப்பாவிட்டால் பாவம்' என்கிறார். வீட்டில் நர்சிங் என்கிறார்கள். அப்பா முன்னால் வாய் திறக்காத பிள்ளை, என்னிடம் மட்டும் 'இரண்டும் வேண்டும் மாமா' என்று சொன்னாள். தாய்மாமன் சொன்னால் வீட்டில் எடுபடும்; ஆனால் என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டையும் அறிந்தவர்கள் விவரமாக எழுத வேண்டுகிறேன்.

சாயல்குடி அப்பா:

ஐயா, நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் புரோக்கர் மூலமாக மட்டும் போகாதீர்கள். என் மூத்த மகளை அப்படித்தான் சேர்த்தேன். ஊருக்கே வந்து, வெள்ளைச் சீருடை போட்ட பிள்ளைகளின் படம் காட்டி, 'நர்சிங் படிப்பு, ஓராண்டில் வேலை' என்றார்கள். நானும் நம்பி, நகையை அடகு வைத்துக் கட்டினேன். முடித்துக் கையில் சான்றிதழோடு வந்தபோதுதான், அது செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய முடியாத உதவியாளர் படிப்பு என்பது எங்களுக்குத் தெரிந்தது. இன்று அவள் ஒரு சிறிய மருத்துவமனையில் செவிலியர் செய்கிற வேலை அனைத்தையும் செய்கிறாள்; சம்பளச் சீட்டில் மட்டும் செவிலியர் என்று வராது. இடத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. எழுதினால் அடுத்த ஆண்டு வேறு பெயரில் பலகை மாட்டுவார்கள், அவ்வளவுதான்.

இரவுப்பணி சிஸ்டர்:

தாய்மாமன் அண்ணனுக்கு வணக்கம். நான் உச்சிப்புளியில் பிறந்தவள். பதினேழு ஆண்டுகளாக வேறொரு மாவட்டத்தின் அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். சாயல்குடி அண்ணன் எழுதியதைப் படித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன், ஏனென்றால் அப்படி வந்த பிள்ளைகள் எங்கள் வார்டு வாசலிலும் நிற்கிறார்கள். எனவே முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

'நர்சிங்' என்று ஒரே சொல்லில் எல்லாரும் சொல்வதற்குள் குறைந்தது மூன்று படிப்புகள் இருக்கின்றன. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டம். இப்போது எட்டுப் பருவங்களாக நடக்கிறது. ஜி.என்.எம். என்பது மூன்று ஆண்டுப் பட்டயம். ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, அது பெரும்பாலும் கிராமச் சுகாதாரப் பணிக்கானது. இவற்றுள் எதை முடித்தாலும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாதவர் சட்டப்படி செவிலியர் அல்லர். ஆகவே ஒரு கல்லூரி வாசலில் நிற்கும்போது கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்னால், இந்த ஆண்டு இந்தப் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் தகுதியும் மாநில மன்றத்தின் அங்கீகாரமும் இருக்கின்றனவா, பட்டத்தை வழங்குவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமா என்று கேளுங்கள். அடுத்து, அவர்களுடைய சொந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை, அவற்றில் எத்தனையில் உண்மையாகவே நோயாளி படுத்திருக்கிறார் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். நோயாளி இல்லாத மருத்துவமனையில் படித்த பிள்ளை, கரையில் நின்று நீச்சல் படித்த பிள்ளைதான்.

சேர்க்கை முறையும் எளியதே. இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களைக் கொண்டு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. நம் மாநிலத்தில் இதற்கு நீட் கேட்பதில்லை. டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளை என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், அதை அவள் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் விடாதீர்கள்.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதித்தான் வர முடியும். வந்தவுடன் எல்லோரும் கால முறை ஊதியத்தில் உட்கார்ந்துவிடுவதில்லை. தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுள் நானும் ஒருத்தி. அப்படியிருந்தும், என் வீட்டில் மூன்று பேரை நான் படிக்கவைத்தது இந்தச் சம்பளத்தில்தான்.

பசுமலை மாணவன்:

சிஸ்டர் எழுதியது தெளிவாக இருக்கிறது. இசையின் பக்கத்தையும் அதே அளவு தெளிவாக எழுத ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இசைப் படிப்பு என்றால் கச்சேரி மேடையா, இல்லையேல் பட்டினியா என்று இரண்டே கதைகள்தாம் சொல்கிறார்கள்.

ராமநாதபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி ஒன்று இருக்கிறது என்பதே நம் கரையில் பலருக்குத் தெரியாது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழும் மூன்றாண்டுப் படிப்பாக அங்கே உண்டு. 12 முதல் 25 வயது வரை சேரலாம். அதற்கு மேலே அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என நான்கு ஊர்களில் இருக்கின்றன. மதுரைக் கல்லூரி பசுமலையில் இருக்கிறது. நான் அங்கே படித்தவன். மூன்று ஆண்டுப் பட்டயம் உண்டு, பட்டப்படிப்பும் உண்டு. அதன்பின் ஓராண்டு இசை ஆசிரியர் பயிற்சி உண்டு. கட்டணம் நர்சிங் கல்லூரிக் கட்டணத்தின் பக்கத்தில்கூட வராது.

முதலாண்டில் பேராசிரியர் என்னை மூன்று வாரம் மாயாமாளவகௌளை ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை, அதாவது ஏறி இறங்கும் ஸ்வர வரிசையைத் தவிர வேறெதையும் பாடவிடவில்லை. ரிஷப ஸ்வரத்தில் நிற்கும்போது என் குரல் சுருதியைவிட ஒரு மயிரிழை மேலே போகிறது என்றார். எனக்கு அது கேட்கவே இல்லை. நான்காவது வாரத்தில் ஒரு நாள் திடீரென்று கேட்டது. கேட்ட பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இசைக் கல்லூரி கொடுப்பது அந்தக் காதுதான், கச்சேரி வாய்ப்பு அன்று.

இந்த மண்ணுக்கு இசை புதிதும் அன்று. கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குருவான பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார், சேதுபதிகளின் ராமநாதபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தவர். சி.எஸ். சங்கரசிவமும் மிருதங்கம் முருகபூபதியும் ராமநாதபுரத்து அண்ணன் தம்பிகள், பாடகர் மதுரை டி.என். சேஷகோபாலனுக்குக் குரு அந்தச் சங்கரசிவமே. இப்படிப்பட்ட மாவட்டத்தில், பாடத் தெரிந்த ஒரு பிள்ளைக்காக மாமன் ஒருவர் இணையத்தில் வழி கேட்க வேண்டியிருக்கிறது!

கீழக்கரைப் பயணி:

நான் இருபது ஆண்டு வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவன். எங்கள் ஊரில் படிப்பு என்றாலே கடல் தாண்டிய வேலையைத்தான் நினைப்பார்கள். அந்தக் கணக்கில் செவிலியர் படிப்புக்கு இணை இல்லை. ஆனால் பட்டம் வாங்கிய மறுநாள் விமானம் ஏற முடியாது. பெரும்பாலும் இரண்டு ஆண்டு மருத்துவமனை அனுபவம் கேட்பார்கள். சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள். அதன்பின் அங்கே வேலை செய்ய உரிமம் பெறுவதற்கான பிரோமெட்ரிக் தேர்வு. பிரிட்டன் என்றால் ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழி. தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கே விசாரித்துவிட்டு, மற்றவர்களிடம் பேசுங்கள்.

தங்கச்சிமடம் தாய்மாமன்:

மிக்க நன்றி. பசுமலைத் தம்பியிடம் ஒரு கேள்வி, வருத்தப்படக் கூடாது. அந்தக் காது வந்த பிறகு வருமானம் எங்கிருந்து வரும்? என் மச்சான் இதைத்தான் கேட்பார்.

பசுமலை மாணவன்:

வருத்தம் ஒன்றுமில்லை ஐயா, என் அப்பாவும் இதையே கேட்டார். உண்மையைச் சொல்கிறேன். எனக்கு மாதச் சம்பளம் தருவது ஒரு தனியார் பள்ளி; அதைக் காட்டிலும் அதிகமாக மாலை வகுப்புகளில் கிடைக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காணொளி வழியாகப் பாடம் எடுக்கிறேன். அவர்களுடைய ஞாயிறு காலைக்காக என் சனி இரவு போகிறது. அரசுப் பள்ளி இசை ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் சிறப்பாசிரியர் தேர்வு நடத்தியது. 1325 இடங்களில் உடற்கல்வியும் ஓவியமும் தையலும் போக, இசைக்கு நூறுகூட இல்லை. ஆகவே அரசு வேலையை நம்பி இசை படிக்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இங்கே யாரும் தொடவில்லை. அறநிலையத் துறைக் கோயில்களில் ஓதுவார், நாதசுரம், தவில் பணியிடங்கள் உண்டு. இசை படித்தவர்களுக்கு மாதச் சம்பளத்தோடு கிடைக்கிற மிகச் சில வேலைகளில் அவை அடங்கும். ஆனால் அவை இந்துக்களுக்கு மட்டுமே. பாப்பா பாடகர் குழுவில் பாடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கதவு அவளுக்கு இல்லை என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஆர்மோனியப்பெட்டி:

அந்தக் கதவு இல்லாவிட்டால் என்ன? தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இருநூறு ஆண்டாக நம் வாயில் இருக்கின்றன. தஞ்சாவூரில் சித்த மருந்து தயாரித்து விற்ற பணத்தைக் கொண்டு 1912 முதல் இசை மாநாடுகள் நடத்தி, தமிழிசையின் சுருதிக் கணக்கை ஆராய்ந்த ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவரே. மருந்தும் இசையும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன. என் கருத்து இதுதான்: இசையை இப்போது விட்டால் குரல் போய்விடும். நர்சிங் நான்கு ஆண்டு முடியும்போது, வர்ணம் மறந்த பெண்ணாகத்தான் அவள் வெளியே வருவாள்.

இரவுப்பணி சிஸ்டர்:

ஆர்மோனியப்பெட்டி அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. விடுதியில் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, சீருடையைத் தேய்த்து, ஏழு மணிக்கு வார்டில் நின்றாக வேண்டும். மாலையில் வகுப்பு, இரவில் கேஸ் புக். பிரசவ வார்டுப் போஸ்டிங்கின்போது, எண்ணிக்கைக்கு வேண்டிய பிரசவத்தைப் பார்ப்பதற்காக இரவெல்லாம் காத்திருந்து, நாங்கள் தேநீர் குடிக்கப் போன பத்து நிமிடத்தில் குழந்தை பிறந்துவிட்ட கதை எல்லா மாணவிகளிடமும் உண்டு. இதற்கிடையில் காலைச் சாதகத்துக்கு, அதாவது பாட்டுப் பயிற்சிக்கு, இடம் எங்கே? விடுதியில் ஒருத்தி விடியலில் சரளி வரிசை பாடினால் மற்ற முப்பது பேரும் சேர்ந்து காப்பாளரிடம் போவார்கள்.

ஆனால் மறந்துவிடுவாள் என்ற பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இசை கற்ற பிள்ளைகள் வார்டில் எப்படி இருக்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். 500 மில்லி குளுக்கோஸ் எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். டிரிப் செட்டின் உறையில் ஒரு மில்லிக்கு 15 சொட்டு என்று போட்டிருந்தால், 7500 சொட்டு, 480 நிமிடம், ஆக நிமிடத்துக்கு 16 சொட்டு. கணக்கு எல்லோருக்கும் வரும். ஆனால் ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு அந்தப் பதினாறுக்குச் சொட்டைக் கொண்டுவர, புதிய மாணவிகள் ஐந்து நிமிடம் திணறுவார்கள். மிருதங்கம் படித்த ஒருத்தி எங்கள் வார்டுக்கு வந்தாள். தொடையில் விரலால் தட்டிக்கொண்டே அரை நிமிடத்தில் வைத்துவிட்டுப் போவாள். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் பயிற்சியில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம் முக்கியம். பதற்றத்தில் எல்லோரும் ஓடிவிடுவார்கள், காலப்பிரமாணம், அதாவது சீரான தாள வேகம், உள்ளவர்கள் ஓட மாட்டார்கள். கர்ப்பிணியின் வயிற்றில் குழல் வைத்துச் சிசுவின் இதயத் துடிப்பைக் கேட்கும்போது, அது 110க்கும் 160க்கும் இடையில் ஓடுகிறதா, தாயின் நாடியை நாம் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறோமா என்று பிரித்தறிய வேண்டும். பசுமலைத் தம்பி சொன்ன அந்தக் காதுக்கு அங்கேதான் வேலை.

இதனால் நர்சிங்கே இசை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவளுடைய ஆசிரியை என்னை மன்னிக்க மாட்டார். நான் சொல்வது வரிசையைப் பற்றியது. பி.எஸ்சி. நர்சிங்கை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. இந்த வயதில், இந்தக் கையிருப்பில், கலந்தாய்வு நடக்கிற இந்த ஆண்டில்தான் அவளுக்கு அது கைக்கெட்டுகிறது. இசைக்கு ஒரு குரு, ஒரு மணி நேரம், ஒரு சுருதிப்பெட்டி போதும். எப்போது வந்தாலும் பாடத்தைத் தொடரலாம்.

பசுமலை மாணவன்:

எப்போது வந்தாலும் என்பதை மட்டும் சிஸ்டர் திரும்பப் பெற வேண்டும். பதினேழிலிருந்து இருபத்தொன்று வரை குரல் படிகிற வயது. அந்த நான்கு ஆண்டைத் தூக்கமில்லாத இரவுகளுக்குக் கொடுத்துவிட்டு இருபத்திரண்டில் வந்து உட்காருகிறவர்கள் பாடலாம். ஆனால் மேடைப் பாடகி ஆவது மிகக் கடினம். அவள் மேடையைத்தான் விரும்புகிறாள் என்றால் இந்த இழப்பைத் தெரிந்து ஏற்றுக்கொள்ள வேண்டும், தெரியாமல் இழக்கக் கூடாது.

இரவுப்பணி சிஸ்டர்:

சரி தம்பி, திரும்பப் பெறுகிறேன். நீங்கள் சொல்வதே நியாயம். அப்படியானால் நான்கு ஆண்டில் இசை முற்றிலும் அறுந்துபோகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பசுமலை மாணவன்:

அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் இசைக்கு லோயர், ஹையர் என இரண்டு நிலை உண்டு, தனித்தேர்வராக எழுதலாம். வர்ணம் முடித்த பிள்ளைக்கு லோயர் கடினமன்று. முதல் இரண்டு ஆண்டில் லோயரும் அடுத்த இரண்டு ஆண்டில் ஹையரும் எழுதினால் பாடத்திட்டம் ஒன்று கையில் இருக்கும், பரீட்சை பயம் இருக்கும், பயிற்சி நிற்காது. தொழிலாசிரியர் பயிற்சியையும் பின்னால் முடித்தால் பள்ளி வேலைக்கான தகுதியும் சேரும். விடுதியில் வாய்விட்டுப் பாட முடியாத நாட்களில், ஆதி தாளம் போட்டுக்கொண்டு மனத்துக்குள் ஸ்வரம் ஓட்டலாம். நாங்களும் பேருந்தில் அதைத்தான் செய்தோம். மதுரையில் அரசு நர்சிங் கல்லூரியும் இருக்கிறது, இசைக் கல்லூரியும் இருக்கிறது. அவளுக்கு மதுரையில் இடம் கிடைத்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் சொல்ல நல்ல ஆசிரியர் ஒருவரை நானே காட்டுகிறேன். நான் சொல்லிக்கொடுக்கும் நிலையில் அவள் இல்லை, அதைத் தாண்டியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

சாயல்குடி அப்பா:

இசைச் சிகிச்சை என்று ஒரு சான்றிதழ்ப் படிப்புக்கு என் கைப்பேசிக்கு விளம்பரம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். அது எப்படி?

இரவுப்பணி சிஸ்டர்:

அண்ணன், ஒரு முறை நகை போனது போதும். செவிலியராகப் பதிவு பெற்ற பிறகு ஆர்வத்துக்காகப் படித்தால் படிக்கட்டும். பட்டத்துக்குப் பதிலாக அதை வாங்கக் கூடாது.

தங்கச்சிமடம் தாய்மாமன்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் தங்கை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, இங்கே எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்தேன். மச்சான் சாயல்குடி அண்ணன் எழுதியதை மட்டும் மறுபடியும் வாசிக்கச் சொன்னார். கோயில் வேலை அவளுக்கு இல்லை என்ற இடம் வந்தபோது என் தங்கை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பிள்ளை கடைசிவரை தலை நிமிரவில்லை. முடிந்ததும், 'நர்சிங்குக்கு விண்ணப்பம் போடுவோம், மதுரைக் கல்லூரியை முதலில் கேட்போம்' என்று அவளே சொன்னாள். நான் சொல்ல வேண்டிய வேலை மிச்சமானது. சனிக்கிழமை வகுப்பு கல்லூரி திறக்கும்வரை தொடரும். லோயர் தேர்வைப் பற்றி அவளுடைய ஆசிரியையிடம் நேரில் பேசினேன். அவருக்கு வருத்தந்தான், ஆனாலும் பாடத்திட்டத்தைக் கையால் எழுதிக் கொடுத்தார்.

அவள் இங்கே கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்று, அதுவும் சிஸ்டரிடம். 7500ஐ 480ஆல் வகுத்தால் 15.6 அல்லவா வருகிறது, 16 வைத்தால் மிச்சம் எங்கே போகிறது என்று கேட்கிறாள்.

இரவுப்பணி சிஸ்டர்:

சொட்டைப் பாதியாக வெட்ட முடியாது, அதனால் முழு எண்ணுக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்லுங்கள். 16 வைத்தால் பாட்டில் ஏறத்தாழ பதினொரு நிமிடம் முன்னதாகவே முடியும். அதோடு நோயாளி கையை மடக்கினால் சொட்டு குறையும், நீட்டினால் கூடும். அதனால்தான் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு நீளப் பிளாஸ்திரி ஒட்டி, எந்த மணிக்கு நீர் எந்தக் கோட்டில் இருக்க வேண்டும் என்று பேனாவால் குறித்து வைக்கிறோம். மணிக்கொரு முறை போய்ப் பார்த்துச் சக்கரத்தைத் திருத்துகிறோம். இருப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் இப்போதே இ-சேவையில் விண்ணப்பித்துவிடுங்கள் அண்ணன், கலந்தாய்வு நேரத்தில் அலைய வேண்டியிருக்காது.